பரணில் சொன்னதைக் கீழே கேட்கக் கூடாது

எங்கள் மலையூர் நெல்லிக்கொல்லையில், கொல்லை காக்கிற பரணுக்கு ஒரு சட்டம் உண்டு. பரண்மேல் உட்கார்ந்து ஒருவன் சொன்ன கதையை, "அது நெசமா?" என்று யாரும் கேட்கக் கூடாது. மேலே இருக்கும்போதும் கேட்கக் கூடாது, இறங்கி வந்து கீழேயும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால், கேட்டவன் அன்றைக்கு ராத்திரி தன்னந்தனியாகப் பரணில் இருந்து ஊர்க்கொல்லை முழுவதையும் காக்க வேண்டும். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள்.

என் பாட்டன் காலத்தில் வந்த சட்டம் இது. பங்காளிகள் இரண்டு பேர் பரணில் காவல் இருந்தார்கள். ஒருவன், தன் மாமனார் வீட்டுச் சேவல் முட்டையிட்டதாகச் சொன்னான். மற்றவன் அது நெசமா என்று கேட்டான். அதில் பிடித்தது சண்டை. சண்டை ஓய்ந்து கீழே பார்த்தபோது, காட்டுப்பன்றிகள் சாமையை முழுக்கத் தின்றுவிட்டு, வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, யார் ஜெயிக்கப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வருஷம் ஊரே காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றது.

சேவல் நெசமாகவே முட்டையிட்டது. அது வேறு விஷயம்.

நான் சடையன். என் வயசுக்கு ஏர் பிடிக்க முடியாது, புளியமரம் ஏறி உலுக்க முடியாது. ஆனால் சாமை கதிர் வாங்கியதிலிருந்து அறுப்பு முடிகிறவரை பரண் என்னுடையது. நான் கதை சொல்வேன். கேட்பதற்கென்று இளவட்டங்கள் வந்து உட்காரும், தூங்காமல் தகரம் தட்டும், கவண்கல் வீசும். பன்றிகளும் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மென்றால் காது கேட்காது என்பதால், கதை முடிகிறவரை வாயில் கதிரை வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். முடிந்ததும் நாங்கள் விரட்டிவிடுவோம்.

இப்படி இருக்கையில்தான் நர்சம்மா ஊருக்குக் கிளம்ப வேண்டி வந்தது.

நர்சம்மா சுவீடன் தேசம். பெயர் இங்கிரித். அவர்கள் நாட்டார் சிலர் சேர்ந்து எங்கள் ஊரில் ஒரு மருந்து வீடு கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர். அவர் வந்தபோது எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. மாட்டுக்குக் கூடப் பாதை சரியில்லை. ஒன்பது வருஷம் இருந்தார். இன்றைக்கு இந்த ஊரில் ஓடுகிற பிள்ளைகளில் பாதியின் தொப்புள்கொடியை அவர்தான் அறுத்தார். பருத்திப் புடவை கட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு அவர் பேச்சைக் கேட்டால், ஒடுகத்தூரில் புளி விற்கிற பொம்பளை என்றுதான் நினைப்பீர்கள்.

சாமைக் காலத்தில், நோயாளி இல்லாத சாயங்காலங்களில், ஒரு பிளாஸ்க்கில் கருப்புக் காபி போட்டுக்கொண்டு பரணுக்கு வந்துவிடுவார். ஒரு மூலையில் உட்கார்ந்து என் கதைகளைக் கேட்பார். ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் "நெசமா" என்று அவர் கேட்டதில்லை. சட்டம் தெரிந்து கேட்கவில்லையா, எல்லாவற்றையும் நம்பிவிட்டாரா என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு. ஆனால் அதை நானும் கேட்க முடியாது. சட்டம் எனக்கும்தானே.

எண்பத்து மூன்றாம் வருஷம் புரட்டாசியில், அவர் இங்கே இருப்பதற்கான அனுமதி முடிந்தது, சர்க்காரில் இனி நீட்டிக்கமாட்டார்கள், ஊருக்கு வந்துவிடு என்று அவர்கள் ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். அழைத்துப்போக அவர்களுடைய திருப்பத்தூர் ஆபீசிலிருந்து பஞ்சாட்சரம் என்கிற குமாஸ்தா ஜீப்பில் வந்தார். நல்ல மனுஷர். பளபளவென்று பூட்ஸ், கழுத்தில் கேமரா. நடுவில் ஒரு நாள் இருக்கிறது, தேசத்தை விட்டுப் போகிறவர் கடைசியாக நாலு இடம் பார்க்க வேண்டாமா என்று, காலையில் சாத்தனூர் அணை, அங்கே முதலை, மத்தியானம் திருவண்ணாமலைக் கோயில் என்று ஏற்பாடெல்லாம் செய்துகொண்டு வந்திருந்தார்.

மருந்து வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. நர்சம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அணையில இருக்கறது தண்ணி. அத்த நான் பாத்திருக்கேன். ஒம்போது வருசமா இந்த மலையில காய்ச்சலையும் பிரசவத்தையும்தான் பாத்தேன். சடையண்ணா பரண்ல சொன்ன எடம் ஒன்னுகூடப் பாக்கல. நாளைக்கு அத்தக் காட்டட்டும். நான் வேற எங்கியும் வரமாட்டேன்."

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. நான் ஒரு கோழியைப் பார்த்தேன்.

நெசமா என்று கேட்கக் கூடாது என்றுதான் சட்டம். காட்டு என்று சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் யாரும் சொல்லிவைக்கவில்லை. இப்படி ஒரு சந்து இருப்பது எங்களுக்கு இத்தனை காலம் தோன்றவே இல்லை, சுவீடன்காரிக்குத் தோன்றிவிட்டது.

லட்சுமணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. லட்சுமணன் எங்கள் ஊர்க்கவுண்டர், ஊருக்குத் தலைவர். செத்துப்போன என் பெண்சாதிக்குத் தம்பி, எனக்கு மச்சான். அந்த வருஷம் திருப்பத்தூரில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கி வந்திருந்தான். அதைப் பரணில் வைத்துவிட்டால் பன்றி அண்டாது, அது களி கேட்காது, வெற்றிலை கேட்காது, மாமனை இறக்கிவிடலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ரேடியோக்காரர்கள் பதினொரு மணிக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள், பன்றி அதற்குப் பிறகுதான் குளித்து முழுகிக் கிளம்பும் என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

"மாமா, அந்தம்மா அவங்க ஊருக்குப் போய் இந்த மலைக்காரனுங்க அத்தினி பேரும் புளுகனுங்கன்னு சொல்லப்போறாங்க. அதுக்கு முன்னால கையெடுத்துக் கும்புட்டு, சொன்னதெல்லாம் சும்மான்னு சொல்லிடு" என்றான்.

"எது சும்மா?" என்றேன்.

"அப்ப காட்டுவியா?"

"நடக்க அந்தம்மாவுக்குக் காலு இருந்தா, காட்ட எனக்கு எடம் இருக்குது."

"நாளைக்குப் பொழுது சாய அந்தம்மா வாயால பாத்தேன்னு சொல்லணும். சொல்லலன்னா நீ பரண விட்டு எறங்கிடணும். வேடியப்பன் சாமி மேல ஆணை."

"சொல்லிட்டா?"

"ஒன் உசுரு இருக்கறவரைக்கும் பரண் ஒன்னுது. நான் வாயத் தொறக்கமாட்டேன்."

அன்றைக்குச் சோறு போடும்போது என் மருமகள் மாதம்மாள், மன்னிப்புக் கேட்டுவிட்டால் இன்னா கொறஞ்சுபோகும் என்று கேட்டாள். அவள் நல்லவள்தான். ஆனால் பரணிலிருந்து இறங்கினால் எனக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியும். காய்கிற புளிக்குப் பக்கத்தில் குச்சியோடு உட்கார்ந்து கோழி விரட்டுவேன். நான் வாய் திறந்தால் பிள்ளைகள் எழுந்து போகும். கொஞ்ச நாள் கழித்து, "தள்ளி உக்காரு மாமா" என்பார்கள். அப்புறம் அதையும் சொல்லாமல் என்னைச் சுற்றிப் பெருக்குவார்கள். களியை விழுங்கிவிட்டு, மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு நான் ஒரு தப்பும் பண்ணவில்லை என்று சொல்லிவிட்டேன்.

விடிந்ததும் கிளம்பினோம். நான் முன்னால், நர்சம்மா நடுவில், தனியாக விட மனசு வராமல் பஞ்சாட்சரம் பின்னால். பூட்ஸ் வழுக்க வழுக்க வந்தார்.

முதலில் குள்ளர் வீடு. கரட்டுக் குன்றுமேல் நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு கல் மூடி, முன்னால் வட்டமாக ஒரு ஓட்டை போட்ட கல்வீடுகள். யாரோ எந்தக் காலத்திலோ வைத்தது. அதில் இன்னும் ஒரு குள்ளன் குடியிருக்கிறான், ஒரு சாண் உயரம், மழைநாளில் என் அடுப்பு அவிந்தபோது அவனிடம்தான் நெருப்பு வாங்கினேன், நெருப்பைக் கொடுத்துவிட்டு என்னை உயரமாக வளர்ந்ததற்காகத் திட்டினான் என்று நான் பரணில் சொல்லியிருந்தேன்.

நர்சம்மா முழங்காலிட்டு ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"ஆளக் காணோமே, சடையண்ணா."

"இன்னிக்கு செங்கத்துல சந்தை இல்லியா. போயிருப்பான்."

பஞ்சாட்சரம் தொண்டையைக் கனைத்தார். ஒரு சாண் ஆள் பஸ்ஸில் எப்படி ஏறுவான் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"பஸ்ஸுல ஏறமாட்டானுங்க. ஒரு தபா ஏறி, மெதிச்சுட்டாங்க. அதுலேர்ந்து நடைதான். முந்தாநாளே கெளம்பியிருப்பான்."

நர்சம்மா எழுந்திருக்கவில்லை. தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து, ஒரு துண்டு பிளாஸ்திரியும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்து உள்ளே வைத்தார். செங்கம் வரைக்கும் நடந்து போய் வந்தால் காலில் கொப்புளம் வரும் என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது வருஷமாக, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு "வலிக்காது" என்று சொன்ன முகம் அது.

நான் முன்னால் நடந்தேன்.

அடுத்தது ஆனைமடு அருவி. விழுந்து விழுந்து அலுத்துப்போய் அந்த அருவித் தண்ணீர் சில நேரம் பாறையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும் என்று நான் சொல்லியிருந்தேன். நாங்கள் போனபோது நல்ல தண்ணீர். சத்தம் காதை அடைத்தது. அத்தனையும் கீழேதான் விழுந்துகொண்டிருந்தது. பஞ்சாட்சரம் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்டிப் பாத்தா எப்டிங்க ஏறும்? தண்ணிக்கு வெக்கம் சாஸ்தி. முதுகக் காட்டி ஒக்காருங்க" என்றேன்.

நர்சம்மா மறுபேச்சில்லாமல் அருவிக்கு முதுகு காட்டி ஒரு பாறையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பஞ்சாட்சரம் உட்கார்ந்து, சற்று நேரத்தில் மெல்லத் திரும்பி எட்டிப் பார்த்து, கீழதாம்மா வுழுது என்றார்.

"நீங்க பாத்தீங்க. அது எறங்கிடுச்சு" என்றேன்.

"பஞ்சாட்சரம், திரும்பி ஒக்காருங்க" என்றார் நர்சம்மா. மருந்து வீட்டில் ரகளை பண்ணுகிற குடிகாரனிடம் பேசுகிற குரல். அவர் திரும்பி உட்கார்ந்தார்.

மூன்று பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே இருந்த மூங்கில் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாறையில் மோதின சாரல் காற்றில் ஏறி எங்கள் பிடரியை நனைத்தது. நர்சம்மா கண்ணை மூடிக்கொண்டார். வேலை ஒன்றும் செய்யாமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரொம்ப நேரம் கழித்துக் கழுத்தின் பின்பக்கத்தைத் தடவி, ஈரமான கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏறியது என்று சொல்லவில்லை. ஏறவில்லை என்றும் சொல்லவில்லை.

கடைசியில் மந்தப் பாறை. மலை முடிந்து, கீழே சமவெளி ஆலங்காயத்துப் பக்கம் விரிந்து கிடக்கிற இடம். மற்ற பாறைகள் கூப்பிட்ட உடனே திருப்பிக் கூப்பிடும். இந்தப் பாறைக்கு வயசாகிவிட்டது. காது மந்தம், யோசிப்பதும் மெதுவு. இன்றைக்குக் கத்தினால் நாளைக்குத்தான் பதில் குரல் வரும். இதை ஊரில் வேறு யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் ஒரு கத்தலுக்காக இரண்டு நாள் ஒதுக்குகிறவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான்.

நர்சம்மா செருப்பைக் கழற்றிவிட்டு விளிம்பில் நின்றார். என்ன கத்துவது என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். திடீரென்று இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு தன் பாஷையில் கத்தினார். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை இல்லை. யாரிடமோ நின்று சண்டை போடுகிற மாதிரி நீளமாக. நடுவில் இருமல் வந்தது. இருமிவிட்டு மிச்சத்தையும் கத்தினார். கீழே மேய்ந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

பஞ்சாட்சரம் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தார். காற்றுதான் வந்தது.

"நாளைக்கு இந்நேரம் நான் ஜீப்புல இருப்பேனே, சடையண்ணா" என்றார் நர்சம்மா.

"நான் வர்றேன். ஒனக்குப் பதிலா கேட்டுக்கறேன்."

"எங்க பாஷை ஒனக்குத் தெரியாதே."

"பாறைக்கு மட்டும் தெரியுமா? அது சொல்றத நான் கேக்கறேன். அவ்ளோதான்."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நாங்கள் திரும்பியபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. சாமைக்கொல்லையில், பரணுக்குக் கீழே, ஊரே நின்றுகொண்டிருந்தது. லட்சுமணன் ரேடியோவை இடுப்புக் குழந்தை மாதிரி வைத்திருந்தான். அது யாருக்கோ உர விலை சொல்லிக்கொண்டிருந்தது. அவன் நேராகப் பஞ்சாட்சரத்திடம் போய், இன்னா பாத்தீங்க என்று கேட்டான்.

பஞ்சாட்சரத்துக்குப் பொய் பழக்கமில்லை. பாவம், அவர் என்ன செய்வார். ஒரு கல், ஒரு அருவி, ஒரு பாறை, வேறு ஒன்றும் இல்லை, அருவி கீழேதான் விழுந்தது, பாறை பேசவில்லை என்று, என்னைப் பார்க்காமல், தன் பூட்ஸைப் பார்த்தபடி சொன்னார்.

"எறங்கிடு மாமா" என்றான் லட்சுமணன். நான் இன்னும் ஏறவே இல்லை. ஆனாலும் சொன்னான்.

"நர்சம்மா வாயால சொல்லணும்னுதான் பேச்சு" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. மாதம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

லட்சுமணன் நர்சம்மாவிடம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்கம்மா. இந்த ஆளு சொன்னதையெல்லாம் பாத்தீங்களா?"

நர்சம்மா பையைக் கழற்றி மாதம்மாளிடம் கொடுத்தார். செருப்பை விட்டார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பரண் ஏணியில் ஏறினார். மூங்கில் முனகியது. ஏறி, வழக்கமாக அவர் உட்காருகிற மூலையில் உட்காரவில்லை. நடுவில், என் இடத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கீழே பார்த்தார்.

"இப்ப சொல்றேன், கேளு. குள்ளன் வூட்டப் பாத்தேன். ஆளு சந்தைக்குப் போய்ட்டான். தண்ணி மேல ஏறுச்சு; என் கழுத்து இன்னும் காயல. என் கொரலு நாளைக்கு வரும், சடையண்ணா கேட்டுக்குவாரு. அல்லாத்தையும் பாத்தேன்."

லட்சுமணன் வாயைத் திறந்தான். திறந்த வாயில் கேள்வி வந்து நின்றதை நான் பார்த்தேன். ஆனால் அவனும் இந்த ஊரில் பிறந்தவன். மென்று விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டான். எனக்கு அதுவே போதும். ஆனால் நர்சம்மாவுக்குப் போதவில்லை.

"கடைசியா எங்க ஊருக் கதை ஒன்னு சொல்லிட்டுப் போறேன்" என்றார்.

அவர் பிறந்த ஊரில் கோடைக்காலத்தில் சூரியன் மறையாதாம். வாரக்கணக்கில் மறையாதாம். நடுச்சாமத்தில் ஜனங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விளக்கில்லாமல் பேப்பர் படிப்பார்களாம். அதற்குக் கடன் கழிப்பது மாதிரி, குளிர்காலத்தில் சூரியன் எட்டியே பார்க்காதாம். அப்போது கடல் கல்லாகிவிடுமாம். குழந்தைகள் அதன்மேல் ஓடி விளையாடுமாம். எதிரே இருக்கிற தீவுக்குக் கடல்மேலேயே லாரி போகுமாம், வருமாம். அவர் அப்பா கடலில் கடப்பாரையால் ஒரு குழி தோண்டி, குழிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பாராம்.

இத்தனையும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொன்னார். நான் எத்தனையோ கதைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை மேலே ஏற்றுவது எனக்கு ஒன்றும் பெரிசில்லை. ஆனால் ராத்திரியில் சூரியனை உட்காரவைக்கிற தைரியம் எனக்கு இந்த ஜென்மத்தில் வந்ததில்லை. மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

லட்சுமணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. சூரியனைப் பொறுத்துக்கொண்டான். கடல் கல்லானதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். லாரியைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

"கடலு மேல லாரியா? நெசமாம்மா?"

ரேடியோவில் உர விலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாதம்மாள்தான் முதலில் சொன்னாள்: "கேட்டுட்டாரு."

லட்சுமணன் தடுமாறினான். இது ஊர்க்காரர்களுக்கு வைத்த சட்டம், அந்தம்மா வெளிதேசம், நாளைக்கு ஊருக்குப் போகிறவர், அவருக்கு இது செல்லாது என்றான்.

நர்சம்மா மேலேயிருந்து சத்தம் உயர்த்தாமல் சொன்னார்: "போகச் சொல்லிட்டாங்க, போறேன். ஆனா ஒம்போது வருசம் இந்தப் பரண்ல ஒக்காந்திருக்கேன் லட்சுமணா. நான் ஒரு நாளாவது கேட்டனா?"

நர்சம்மா இறங்கினார். லட்சுமணன் ஏறினான். ரேடியோவையும் எடுத்துக்கொண்டுதான் ஏறினான், துணைக்கு. நாங்கள் வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தோம். பதினொரு மணிக்கு ரேடியோ வணக்கம் சொன்ன பிறகு என்ன நடந்தது என்று அவன் இதுவரை சொன்னதில்லை. காலையில் போய்ப் பார்த்தபோது, அந்த ரேடியோவைக் கவிழ்த்துப்போட்டுக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தான். தகரத்தைவிடச் சத்தம் கொஞ்சம் கம்மிதான். அதற்குப் பிறகு பரணைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை.

ஜீப் கிளம்பும்போது நர்சம்மா என்னைக் கூப்பிட்டார்.

"எங்க ஊருல போய் ஒன் கதையெல்லாம் சொல்லுவேன், சடையண்ணா. அங்க பரண் இல்லியே. நெசமான்னு கேப்பாங்களே."

"எதுனா மரத்து மேல ஏறிக்கினு சொல்லு" என்றேன்.

சரி என்றார். பஞ்சாட்சரம் கதவைச் சாத்தினார். ஜீப் வளைவு திரும்புகிறவரை நின்றேன். பிறகு ஊர்ப் பக்கம் திரும்பாமல் மந்தப் பாறைக்கு நடந்தேன்.

வெயில் ஏறி இறங்கி, முந்தின நாள் அவர் நின்ற அதே நேரத்துக்குக் குரல் வந்தது. முழுசாக வந்தது. அவர் பாஷையில், சண்டை போடுகிற மாதிரி, ஒரு வார்த்தை குறையாமல். நடுவில் அந்த இருமல்கூட வந்தது. கீழே மேய்ந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

யாராவது என்னைக் கேட்க வேண்டுமென்று நினைத்தால் தாராளமாகக் கேட்கலாம். இந்த வருஷமும் சாமை நன்றாகக் கதிர் வாங்கியிருக்கிறது. பன்றியும் நிறைய. தனியாகப் பரணில் உட்கார ஓர் ஆள் கிடைத்தால் எனக்கும் ஒரு ராத்திரி நல்ல தூக்கம்.